இரவில் வைத்த விளக்கு ஏன் கைகொடுக்கவில்லை?

"அன்புள்ள டாக்டர்" என்று தொடங்கி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார் ஒரு வாசகி. அடையாளம் தெரியாதபடி அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

வயது 34. கணவரின் வேலைக்காக வடகோடி நாடு ஒன்றுக்குக் குடிபெயர்ந்து இது நான்காவது குளிர்காலம். ஆறு வயதில் ஒரு மகன். இவரும் கணக்காளராகப் பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். வாரத்தில் இரண்டு நாள் அலுவலகம். முதல் குளிர்காலம் பனியை வேடிக்கை பார்ப்பதிலேயே போய்விட்டது. இரண்டாவது வருடத்திலிருந்து, அக்டோபர் முடியும்போதே உடம்பு கனத்துப்போகிறது. பத்து, பதினோரு மணி நேரம் தூங்கியும் களைப்பு தீர்வதில்லை. இனிப்பையும் மாவுப் பண்டங்களையும் கை தானாகத் தேடுகிறது, எடை ஏறுகிறது. உறவினர்களிடமிருந்து வரும் போனை எடுக்கவே மனம் வருவதில்லை. ஏப்ரல் பிறந்தால் எல்லாம் தானாகச் சரியாகிவிடுகிறது. "வெயில் வந்தா நல்லாத்தானே இருக்கே, அப்போ இது நோய் இல்ல, சோம்பேறித்தனம்" என்கிறார் கணவர். அம்மாவோ, "எல்லாம் மனசுதான்மா, எழுந்து சுறுசுறுப்பா இரு" என்கிறார்.

நவம்பரில் '10,000 லக்ஸ்' (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்று அச்சிட்ட சிறிய சிகிச்சை விளக்கு ஒன்றை இணையத்தில் வாங்கினார். மகன் தூங்கிய பிறகு, இரவு ஒன்பது மணிக்கு, அதை மேசையின் மறுகோடியில் வைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். ஒரு வாரத்தில் தூக்கம் கெட்டதுதான் மிச்சம். வெளிச்சத்தில் உட்கார்ந்தாலே வைட்டமின் டி கிடைத்துவிடும் என்று நம்பி, மருத்துவர் எழுதிக்கொடுத்த வைட்டமின் டி மாத்திரையையும் நிறுத்திவிட்டார். இப்போது செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை மாத்திரையைத் தானாகவே வாங்கிச் சாப்பிடுகிறார். கூடவே கருத்தடை மாத்திரையும்.

இரண்டு செய்திகளைக் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். போன ஏப்ரலில் இரண்டு வாரம் தினமும் மூன்று, நான்கு மணி நேரம் மட்டுமே தூங்கியிருக்கிறார், களைப்பே தெரியவில்லை. நடு இரவில் வீட்டைப் புரட்டிப்போட்டுச் சுத்தம் செய்திருக்கிறார். சேமிப்பில் பெரும் பகுதியைத் தேவையில்லாத பொருள்களில் கரைத்திருக்கிறார். "எங்கள் அண்ணனுக்கும் இப்படி வரும், அவர் பைபோலாருக்கு மாத்திரை சாப்பிடுகிறார்" என்று ஒரு வரி. அடுத்த வரி: "சில நாள், காலையில் எழாமலே போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது."

கேட்பது மூன்று கேள்விகள். விளக்கைத் தூக்கிப் போட்டுவிடலாமா, இல்லை இன்னும் பிரகாசமானதாக வாங்கலாமா? மாத்திரை இல்லாமல் சரியாகுமா? அலுவலகத்தில் சொன்னால் வேலைக்கு ஆபத்தா?

அன்புச் சகோதரி,

நீங்கள் கடைசியாகச் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். எழாமலே போய்விட்டால் நன்றாக இருக்கும் என்ற எண்ணம் ஓர் எண்ணமாக வந்துபோவதோடு நிற்கிறதா, அல்லது எப்படி, எப்போது என்றும் மனம் யோசிக்கிறதா? இரண்டாவது என்றால் இந்தப் பதிலை இத்தோடு மூடிவைத்துவிட்டு, இன்றே அவசர உதவி எண்ணை அழையுங்கள், அல்லது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கணவருடன் போங்கள். முதலாவது என்றாலும், எனக்கு எழுதிய அதே வார்த்தைகளை உங்கள் கணவரிடமும் மருத்துவரிடமும் இந்த வாரமே சொல்லுங்கள். பூசி மெழுக வேண்டாம். இந்த எண்ணம் வருவது உங்கள் குணத்தின் குறை இல்லை; மனச்சோர்வின் அறிகுறிகளில் ஒன்று. காய்ச்சல் எத்தனை டிகிரி என்று சொல்வதுபோல் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

சோம்பேறித்தனம் ஏப்ரலில் தானாகப் போகாது

கணவரின் வாதம் உங்களைக் காயப்படுத்தியிருக்கிறது. ஆனால் அவர் சொன்ன காரணமே அவருக்கு எதிரான சாட்சி. ஒவ்வொரு ஆண்டும் அக்டோபரில் வந்து ஏப்ரலில் விலகும் ஒன்றைச் சோம்பல் என்று எப்படிச் சொல்ல முடியும்? அதிகத் தூக்கம், மாவுச்சத்தின் மேல் ஆசை, எடை ஏற்றம், கைகால் கனம், மனிதர்களிடமிருந்து ஒதுங்குதல், அதுவும் அடுத்தடுத்த ஆண்டுகளில் அதே பருவத்தில். பருவகால மனச்சோர்வு என்று மருத்துவம் அடையாளம் காண்பது இந்த அமைப்பைத்தான்.

இதை முதன்முதலில் விரிவாக விவரித்த மருத்துவர் நார்மன் ரோசெந்தாலும் உங்களைப்போல் வெயில் நாட்டிலிருந்து போனவர்தான். தென் ஆப்பிரிக்காவின் ஜோகனஸ்பர்க்கிலிருந்து நியூயார்க்குக்கு வந்தபோது, குளிர்காலத்தில் தன் வேகம் குறைவதையும் வசந்தத்தில் திரும்புவதையும் அவரே உணர்ந்தார். அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் அவரும் சக ஆய்வாளர்களும் 1984-ல் வெளியிட்ட கட்டுரையில்தான் இந்த நிலைக்குப் பெயரும் வந்தது, பிரகாசமான ஒளியால் அது குறைகிறது என்ற தொடக்கக்காலச் சான்றும் வந்தது. உங்கள் கணவருக்கு இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள். அவர் கெட்டவராகத் தெரியவில்லை, விஷயம் தெரியாதவராகத்தான் தெரிகிறார்.

அம்மா சொல்லும் 'சுறுசுறுப்பா இரு' என்பதிலும் ஒரு பாதி உண்மை உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் எல்லாம் மனசுதான் என்பது சரியில்லை. கண்ணின் விழித்திரையில், பார்ப்பதற்கென்று அல்லாமல் வெளிச்சத்தின் அளவை மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. மெலனாப்சின் என்ற நிறமியைக் கொண்ட அவை, மூளையின் நடுக்கடிகாரத்துக்கு 'விடிந்துவிட்டது' என்று தகவல் அனுப்புகின்றன. அந்தத் தகவல் போனால்தான் இரவு ஹார்மோனான மெலடோனின் அடங்கி, உடம்பு பகலுக்குத் தயாராகும். வடக்கே 60 பாகை அட்சரேகையில் டிசம்பர் கடைசியில் பகல் ஆறு மணி நேரம்கூட இல்லை. நீங்கள் எழுந்து, மகனை அனுப்பி, கணினியைத் திறந்த பிறகும் வெளியே இருட்டு. பலருக்கு உடல் கடிகாரம் இந்த இருட்டில் பின்தங்கிப்போகிறது. எழுந்த பிறகும் உடம்புக்குள் இரவே நீடிக்கிறது.

விளக்கில் என்ன பிசகு நடந்தது

விளக்கைத் தூக்கிப் போட வேண்டாம். பெரியதாக வாங்கவும் வேண்டாம். அதை நீங்கள் பயன்படுத்திய நேரமும் தூரமும்தான் பிரச்சினை. ஒளிச்சிகிச்சை என்பது அறைக்குக் கூடுதலாக ஒரு விளக்கு போடுவது இல்லை. மாத்திரையைப்போல அதற்கும் அளவு உண்டு, வேளை உண்டு, யாருக்குக் கூடாது என்ற கணக்கும் உண்டு.

முதலில் வேளை. இரவு ஒன்பது மணிக்குப் பிரகாசமான வெளிச்சம் கண்ணில் பட்டால், பொழுது இன்னும் சாயவில்லை என்று உடல் கடிகாரம் எடுத்துக்கொள்கிறது. மெலடோனின் தாமதமாகச் சுரக்கிறது, தூக்கம் தள்ளிப்போகிறது, மறுநாள் எழுவதும் தாமதமாகிறது. ஏற்கெனவே பின்தங்கிய கடிகாரத்தை நீங்கள் இன்னும் பின்னுக்குத் தள்ளியிருக்கிறீர்கள். அந்த ஒரு வாரத் தூக்கக்கேடு, விளக்குக்கு வேலை செய்யத் தெரியும் என்பதற்கே அடையாளம். தவறான திசையில் செய்தது. இந்தச் சிகிச்சை பொதுவாகக் காலையில், விழித்த சிறிது நேரத்துக்குள் எடுக்க வேண்டியது. இப்போது நீங்கள் எட்டு மணிக்குத்தான் விழிக்கிறீர்கள் என்றால் ஐந்து மணிக்கு அலாரம் வைத்துப் போராட வேண்டாம். எட்டில் தொடங்கி, சில நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னுக்குக் கொண்டுவரலாம்.

அடுத்து தூரம். பெட்டியில் அச்சிட்ட 10,000 லக்ஸ் என்பது விளக்கின் சக்தி இல்லை. குறிப்பிட்ட தூரத்தில் கண்ணை வந்தடையும் வெளிச்சத்தின் அளவு அது. சிறிய விளக்குகளில் அந்தத் தூரம் பெரும்பாலும் 30 செ.மீ. அளவில்தான் இருக்கும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் ஏறக்குறைய கால் பங்காக இறங்கிவிடும். மேசையின் மறுகோடியில் வைத்தபோது உங்கள் கண்ணுக்கு வந்தது ஆயிரம் லக்ஸ் இருந்தாலே பெரிது. கூடவந்த கையேட்டில் 'இத்தனை செ.மீ. தூரத்தில் 10,000 லக்ஸ்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அந்தத் தூரத்தில் அரை மணி நேரம் என்பது வழக்கமான அளவு. 5,000 லக்ஸ்தான் கிடைக்கும் என்றால் ஒரு மணி நேரம், 2,500 என்றால் இரண்டு மணி நேரம். தூரமே குறிப்பிடாத, புற ஊதாக் கதிரை வடிகட்டுவதாகச் சொல்லாத விளக்கு என்றால் மட்டும் மாற்றுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க: வீட்டு அறையின் சாதாரண வெளிச்சம் 100 முதல் 300 லக்ஸ், கோடை வெயில் ஒரு லட்சம் வரை.

விளக்கை முறைத்துப் பார்க்கக் கூடாது, தேவையும் இல்லை. முகத்துக்குச் சற்றுப் பக்கவாட்டில், கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்துவிட்டு, நீங்கள் சாப்பிடலாம், படிக்கலாம், வேலையின் மின்னஞ்சல்களைப் பார்க்கலாம். கண் திறந்திருக்க வேண்டும், கறுப்புக் கண்ணாடி கூடாது. தோலில் படுவதால் இந்த நோய்க்குப் பயன் கிடையாது. அதனால்தான் கண்ணை மூடிக்கொண்டு படுக்கும் தோலைக் கருமையாக்கும் புற ஊதாப் படுக்கைகளை (டேனிங் பெட்) இதற்கு மாற்றாக யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். புற ஊதாக் கதிரால் தோல் புற்றுநோய் அபாயம்தான் கூடும்.

வைட்டமின் டி பற்றிய உங்கள் கணக்கும் இங்கேதான் தவறுகிறது. தோலில் வைட்டமின் டி உருவாகப் புற ஊதா பி கதிர் வேண்டும். நல்ல சிகிச்சை விளக்கு அதை வடிகட்டிவிட வேண்டும். ஆகவே இந்த விளக்கிலிருந்து உங்களுக்குத் துளி வைட்டமின் டி-யும் வராது. நம்மைப்போல் தோல் கருத்தவர்களுக்கு, வெயில் குறைந்த நாடுகளில் அந்தக் குறைபாடு எளிதில் வரும். நிறுத்திய மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவில் மறுபடி தொடங்குங்கள். அது எலும்புக்கும் தசைக்கும் வேண்டியது. அதுவே மனச்சோர்வைத் தீர்த்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

முறையாக எடுத்தால் பலருக்கு முதல் வாரத்திலேயே சிறிது தெளிவு தெரியும். இரண்டு வாரத்துக்குள் ஒரு முடிவுக்கு வரலாம். நன்றாகிவிட்டதே என்று ஜனவரியில் நிறுத்தினால் சில நாளிலேயே பழைய நிலை திரும்பக்கூடும். பகல் நீளும்வரை தொடர வேண்டும். தொடக்கத்தில் தலைவலி, கண் கூச்சம், லேசான குமட்டல், படபடப்பு வரலாம். நேரத்தைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். விழித்திரை நோய், சர்க்கரை நோய், கண் அழுத்தம் உள்ளவர்கள் கண் மருத்துவரைப் பார்க்காமல் தொடங்கக் கூடாது.

ஏப்ரலின் அந்த இரண்டு வாரங்கள்

இவ்வளவையும் சொன்ன பிறகு, நாளைக் காலையே விளக்கைப் போட்டு உட்காராதீர்கள் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம், நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஏப்ரல்.

குறைந்த தூக்கத்திலும் களைப்பில்லாத வேகம், கட்டுமீறிய செலவு: இது குளிர்காலம் முடிந்த மகிழ்ச்சியாக இருந்திருக்கலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் மனச்சோர்வுக்கு எதிர்முனையான மன எழுச்சியின் அறிகுறிகளும் இவையேதான். அதற்கு வசந்தகாலம் ஒரு வழக்கமான பருவம். அண்ணனுக்குப் பைபோலார் எனப்படும் இருமுனைக் கோளாறு (மனச்சோர்வும் மன எழுச்சியும் மாறி மாறி வரும் நோய்) இருப்பதால் உங்களுக்கும் அது இருக்க வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். கடிதத்தை வைத்து நான் நோயைத் தீர்மானிக்க மாட்டேன், தீர்மானிக்கவும் கூடாது. ஆனால் இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் ஒளிச்சிகிச்சையைத் தொடங்கினால், குறிப்பாக அதிகாலையில், அது உங்களை எழுச்சிக்குள் தள்ளிவிடும் அபாயம் உண்டு. மனச்சோர்வு மாத்திரையைத் தனியாக எடுப்பதிலும் அதே அபாயம் உண்டு. மருத்துவரிடம் "குளிர்காலத்தில் சோர்வாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னீர்களானால் அவருக்கு இது தெரியவே வராது.

இருமுனைக் கோளாறு உறுதியானாலும் ஒளிச்சிகிச்சையின் கதவு மூடிவிடாது. மனநிலையைச் சமன்படுத்தும் மாத்திரையின் பாதுகாப்போடு, காலையில் தராமல் நண்பகலில் தரும் முறை இருக்கிறது. 2018-ல் வெளியான ஓர் ஆய்வில் 7,000 லக்ஸ் நண்பகல் ஒளி நல்ல பலன் தந்தது. நேரத்தையும் நிமிடத்தையும் உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மூலிகை மாத்திரைக்கு வருவோம். மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் நிறையச் செய்யும். கல்லீரலில் மற்ற மருந்துகள் வேகமாகச் சிதையும்படி செய்து, கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும். மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்ந்தால் மூளையின் செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரோடோனின் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். ஒளிக்கு உடம்பின் கூருணர்வைக் கூட்டும். மன எழுச்சியையும் தூண்டக்கூடும். உங்கள் நிலைமையில் ஒன்றல்ல, இத்தனையும் பொருந்துகிறது. இந்த வாரமே மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ சொல்லி எப்படி நிறுத்துவது என்று கேளுங்கள். நிறுத்திய பிறகும் சில வாரங்களுக்கு அதன் தாக்கம் இருக்கும். அதுவரை வேறு தடுப்பு முறையும் தேவை.

மாத்திரை இல்லாமல் முடியுமா?

பருவகால மனச்சோர்வு மட்டும் என்றால், பலருக்கு முடியும். கனடாவில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வில் 96 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 10,000 லக்ஸ் ஒளி, இன்னொன்றுக்குத் தினமும் 20 மி.கி. ஃப்ளூஆக்ஸெடின் என்ற மனச்சோர்வு மாத்திரை. எட்டு வாரத்தில் இரண்டு குழுவிலும் 67 சதவீதம் பேருக்குப் பலன் கிடைத்தது. ஒளி மருந்துக்கு நிகராக நின்றது என்பது நல்ல செய்தி. மூன்றில் ஒருவருக்கு இரண்டிலுமே போதிய பலன் இல்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள். உங்களுக்கு விளக்கு போதாமல் போனால் அது உங்கள் முயற்சியின் தோல்வி ஆகாது.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. அதைப் பற்றி யாரும் உங்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை. சிபிடி எனப்படும் எண்ணம், நடத்தை சார்ந்த உளச்சிகிச்சை. அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் 177 பேரிடம் இதையும் ஒளிச்சிகிச்சையையும் ஆறு வாரம் ஒப்பிட்டார்கள். அந்தக் குளிர்காலத்தில் இரண்டும் சமம். இரண்டு குளிர்காலம் கழித்துப் பார்த்தபோது, ஒளி எடுத்தவர்களில் ஏறக்குறைய 46 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியிருந்தது. உளச்சிகிச்சை எடுத்தவர்களில் 27 சதவீதம் பேருக்கு. விளக்கு அணைந்தால் அதன் வேலையும் நின்றுவிடுகிறது, கற்றுக்கொண்டது கூடவே இருக்கிறது என்பது என் புரிதல். இன்னும் பல குளிர்காலங்கள் அங்கேயே இருக்கப்போகிறீர்கள் என்பதால் இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

அம்மாவின் பாதி உண்மையும் இங்கேதான் பொருந்துகிறது. மனம் வந்த பிறகு எழலாம் என்று காத்திருந்தால் மனம் வராது. சிறிய செயலை முன்கூட்டியே நேரம் குறித்துச் செய்தால் மனம் பின்னால் வரும் என்பது சிபிடியின் ஒரு பாடம். மேகம் மூடிய குளிர்கால நண்பகலிலும் வெளியே இருக்கும் வெளிச்சம் உங்கள் அறையைவிடப் பல மடங்கு. மதிய இடைவேளையில் அரை மணி நேரம் வெளியே நடங்கள். விளக்கைத் தொடங்குவதற்கு முன்பே, எந்த அனுமதியும் இல்லாமல், நாளையே இதைத் தொடங்கலாம்.

அலுவலகமும் ரகசியமும்

மனச்சோர்வை வேலைத் திறனைப் பாதிக்கும் உடல்நலக் குறைபாடாகச் சட்டம் ஏற்று, நிறுவனம் நியாயமான வசதி செய்துதர வேண்டும் என்று பல நாடுகளில் விதி இருக்கிறது. ஜன்னலோர இருக்கை, குளிர்காலத்தில் மட்டும் ஒரு மணி நேரம் தாமதத் தொடக்கம், நண்பகலில் வெளியே போக இடைவேளை. இவை யாருக்கும் பெரிய செலவு வைக்காத கோரிக்கைகள். நோயின் பெயரைச் சக ஊழியர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. 'உடல்நலக் காரணத்தால் இந்த மாற்றம் தேவை' என்று மருத்துவர் தரும் கடிதத்தோடு மேலாளரிடமோ மனிதவளத் துறையிடமோ எழுத்தில் கேளுங்கள். நிரந்தர வேலையா, ஒப்பந்தமா என்பதைப் பொறுத்து பாதுகாப்பு மாறலாம். தொழிற்சங்கம் இருந்தால் முதலில் அங்கே விசாரியுங்கள்.

மருத்துவரிடம் சொல்வது, உயிருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகள் தவிர, ரகசியமாகக் காக்கப்பட வேண்டியது. அந்த நாட்டு மொழியில் மனதைச் சொல்லத் தயக்கமாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்பதிவின்போதே கேளுங்கள். கணவரை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அவர் உடன் வரட்டும், வெளியே காத்திருக்கட்டும். எழாமலே போவது பற்றிய பேச்சை நீங்கள் தனியாகத்தான் முழுமையாகப் பேச முடியும்.

அந்தச் சந்திப்புக்கு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்த மாதத்தில் தொடங்குகிறது, எப்போது முடிகிறது, அந்த ஏப்ரல், அண்ணனின் நோய், எடுக்கும் எல்லா மாத்திரைகளும். இரத்தச் சோகை, தைராய்டு, பி12 பரிசோதனைகளும் கேளுங்கள். இந்தக் களைப்பில் அவற்றுக்கும் பங்கு இருக்கலாம். போவதற்கு முன் அண்ணனிடம் ஒரு போன் பேசிவிடுங்கள். அவருக்கு முதல்முறை எந்த வயதில், எந்தப் பருவத்தில் வந்தது, எந்த மாத்திரை ஒத்துவந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் மருத்துவர் எடுக்கப்போகும் முடிவுக்கு அந்தக் குறிப்பு பெரிதும் உதவும்.